மட்கார்டின் மேல் ஒரு டம்ளர் பிளேன்டீ

பால் விடாத பிளேன்டீ விளிம்புவரை நிறைந்த டம்ளரைக் காரின் மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, லியனார்ட் பாஸ் முழங்காலில் கையூன்றிக் குனிகிறார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. டம்ளருக்குள் தேநீர் வட்டம் வட்டமாக அலையெழுப்பி விளிம்பில் மோதுகிறது. கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டு, திறந்திருக்கும் பானட்டுக்குள் வலது கையை விட்டு ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புகிறார். வட்டங்கள் சிறுக்கின்றன. இன்னும் அரைக்கால் சுற்று. ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய நடுக்கம் மிஞ்சுகிறது. நடுவில், மேலே போகிற மேகம் தெரிகிறது.

"ம்... இப்பத்தான் மூச்சு விடுது" என்கிறார், அடுத்த தோட்டத்துக்கும் கேட்கிற குரலில்.

கார் நிற்கும்போது, டிரைவர் காலால் மிதிக்காமலே இஞ்சின் தானாக மெல்ல ஓடிக்கொண்டிருக்குமே, அதற்கு எங்கள் பக்கத்து டிரைவர்மார் வைத்திருக்கும் பெயர் ஸ்லோ. ஸ்லோ சரியில்லாத கார் சந்தியில் நின்றால் அணைந்துவிடும். ஆளை ஏற்ற நின்றால் அணைந்துவிடும். பழைய கார்களுக்கு அது தீராத வியாதி. ராகலையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அந்த வியாதிக்கு ஒரே வைத்தியர் லியனார்ட் பாஸ்தான். ஆனால் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு நோய் சொல்ல அவரால் முடியாது. இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம்.

பதினைந்து வயதில் ஒரு தேயிலை ஸ்டோரின், அதாவது கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையின், இஞ்சின் அறைக்குள் எண்ணெய் ஊற்றப் போனவர். பதினான்கு வருஷம் அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றார். "போறப்ப ரெண்டு காதோட போனேன், வாறப்ப அரைக் காதோட வந்தேன்" என்று சிரிப்பார். அங்கிருந்து வந்து ராகலைக் கடைவீதியில் தகரக் கொட்டகை போட்டுக் கார் வேலை பார்க்கிறார். இப்போது நாற்பது வயது இருக்கலாம். மெக்கானிக்குகளை 'பாஸ்' என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

காது விட்ட வேலையை அவருடைய மற்ற உறுப்புகள் பங்கு போட்டுக்கொண்டன. ஸ்குரூடிரைவரின் மரப்பிடியைக் கடித்துக்கொண்டு, அதன் நுனியை இஞ்சின்மேல் வைப்பார். அதிர்வு பல்வழியாகத் தலைக்குள் போகுமாம். "நான் பல்லால கேக்குற ஆளு." முன்பல் ஒன்று அதனாலேயே முனை உடைந்திருக்கிறது. இஞ்சினின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் விரலின் உட்பக்கத்தால் தொடமாட்டார். இரண்டு விரலை மடக்கிப் புறப்பக்கத்தை வைப்பார். உள்பக்கத் தோல் காய்த்துப்போய்விட்டது, புறப்பக்கத்துக்குத்தான் இன்னும் உணர்ச்சி இருக்கிறது என்பது அவர் கணக்கு. அப்படி வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஸ்லோவின் நடுக்கத்தைக் கண்ணால் பார்க்கத்தான் டம்ளர்.

உடுப்பையும் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் விட்டுச்சென்ற கம்பளிக் கோட்டு. அதன் கைகள் இரண்டையும் முழங்கையோடு வெட்டிவிட்டார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்தோனியார் சுரூபம். பானட்டுக்குள் குனிகிறபோது அது விசிறியில் மாட்டாமல் இருக்கப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வார். ஒரே வாயில் அந்தோனியாருக்கும் ஸ்குரூடிரைவருக்கும் இடம் போதாத நேரங்களில் அந்தோனியார் முதுகுப்பக்கம் போய்விடுவார்.

எதிர்க்கடை இராமையாவுக்கு இவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. டீ ஊற்றிக் கொடுப்பவர் அவர்தான்.

"பாஸ், சூடா இருக்கப்பவே ஒரு நாளாச்சும் குடிங்களேன். ஆறிப்போன டீயக் குடிக்கிற ஆளுக்கு டீ ஊத்துறது பாவம்யா."

"மொதல்ல கார் குடிக்கட்டும், அப்புறம் நான்" என்பார் பாஸ்.

இந்த வைத்தியத்தை அவர் தன் கொட்டகை வாசலில் செய்வதில்லை என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு அதிசயம். கார் எதுவானாலும் கால் மைல் தள்ளிக்கொண்டு, பழைய ரயில் ஸ்டேஷன் முற்றத்துக்குக் கொண்டுபோவார். சின்ன ரயில் ஓடிய காலத்து ஸ்டேஷன் அது. ரயில் நின்று பதின்மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்துக்குள் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். முற்றம் மட்டும் வெறுமனே கிடக்கிறது. காரை ஓட்டிக்கொண்டு போகலாமே என்றால், பாஸுக்கு லைசன்ஸ் இல்லை. காது கேளாதவருக்கு யார் கொடுப்பார்கள்? ஊரில் பாதிக் கார்களுக்கு உயிர் கொடுத்தவர் ஒரு காரையும் ஓட்டியதில்லை. சொந்தக்காரர் ஓட்டினாலோ, ஸ்லோ கெட்ட கார் கடைவீதி நெரிசலில் நின்று நின்று அணையும். ஆகவே அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பாஸ் பின்னால் தள்ளுவார். கடைவீதியே நின்று வேடிக்கை பார்க்கும்.

அந்த முற்றத்துக்கு அவர் போகத் தொடங்கியது போன வருஷம். எங்கள் அக்காவால்தான் என்று நான் சொல்வேன். அவரைக் கேட்டால், "என் முட்டாத்தனத்தால" என்பார்.

எங்கள் தோட்டத்துக்கு ஊசிப்பாறை என்று பெயர். ராகலையிலிருந்து மேலே மூன்று மைல். அக்கா நாகலெட்சுமிக்கு அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவிலேயே பிறந்து, ஒரு நாள்கூட இருக்கவில்லை. அக்காவும் பிழைத்தது பெரிய காரியம். ஆகவே இரண்டாம் முறை உண்டானவுடன் மாதம் இரண்டு புதன்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். நான் எஸ். எஸ். ஸி. எழுதிவிட்டு வேலை ஒன்றும் வராமல் வீட்டில் இருந்ததால் துணைக்குப் போவது என் பொறுப்பு. டாக்டர் ஒன்றைத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னார்: "வலி எடுத்தவுடன் இங்கே வந்துவிட வேண்டும். லயத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது."

சொல்வது சுலபம். தோட்டத்துக் கொழுந்து லொறியைக் கேட்பதென்றால் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயாவிடம் சொல்லி, அவர் பெரிய கிளாக்கரிடம் சொல்லி, துரை பங்களாவில் இருந்தால் உத்தரவு வரும். லொறி ஸ்டோருக்குப் போயிருந்தால் அது திரும்பி வரவேண்டும். எங்கள் லயத்து ரோட்டில் கூப்பிட்டவுடன் ஏறி வருகிற வாடகைக் கார் ஒன்றே ஒன்றுதான். செல்லசாமி அண்ணனின் கார்.

யுத்தத்துக்கு முன்னால் செய்த கறுப்புக் கார் அது. கொழும்பில் யாரோ ஓட்டித் தள்ளியதை வாங்கி வந்தார். அதற்குக் கருப்பாயி என்று பெயர் வைத்திருந்தார். ஏற்றத்தில் அவள் ஏறுகிற மாதிரி எந்தப் புதுக் காரும் ஏறாது. குறை ஒன்றுதான். நுவரெலியாவுக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் கரும்புகையை விட்டு அணைந்துவிடுவாள். பேட்டரியும் பழசு. பிறகு முன்பக்கம் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் செல்லசாமி அண்ணன் சுற்று சுற்றென்று சுற்ற வேண்டும். ஒருநாள் அரை மணி நேரம் சுற்றினார். எட்டு மாத வயிற்றோடு அக்கா ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ராகலையில் கருப்பாயி ஒருபோதும் அணைந்ததில்லை. கந்தப்பளைக் கடைவீதியிலும் இல்லை. அதனால் கதை கிளம்பிவிட்டது. அக்காவின் மாமியார் நேராகவே கேட்டார்: "ஆஸ்பத்திரி வாசலக் கண்டா சாகுற வண்டியில வயித்துப் புள்ளக்காரிய ஏத்துறதா? இது நல்லதுக்கா சொல்லு." செல்லசாமி அண்ணனும் எலுமிச்சம்பழம் வெட்டிச் சக்கரத்தில் வைத்தார். மிளகாய் கோத்துத் தொங்கவிட்டார். ஆனால் மூன்று முறை லியனார்ட் பாஸிடமும் கொண்டுபோனார்.

பாஸின் கொட்டகை வாசல் மலைச்சரிவு. இங்கே எந்த வாசல்தான் சரிவில்லை? மலைநாட்டில் காரைத் தலைகீழாக, அதாவது முகம் இறக்கத்தைப் பார்க்கத்தான் நிறுத்துவார்கள். பேட்டரி இழுக்காவிட்டாலும் பிரேக்கை விட்டால் உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். மேல்முகமாக நிறுத்துகிறவனை டிரைவர் என்று யாரும் மதிப்பதில்லை. கருப்பாயியும் அப்படித்தான் நின்றாள். பாஸ் மட்கார்டின்மேல் டம்ளரை வைத்தார். சரிவில் டீ ஒருபக்கம் வழியும் அல்லவா? அதற்கு அவரிடம் ஒரு பலகைச் சீவல் இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் சீவியது, ஒருமுனை தடித்து மறுமுனை மெலிந்தது. அதை டம்ளருக்கு அடியில் அண்டைக் கொடுத்தால் டீ மட்டமாக நிற்கும். எட்டு வருஷமாக அந்தச் சீவல் அவர் கோட்டுப் பையில் கிடந்தது. திருகாணியைத் திருப்பினார், டீ அசையாமல் நின்றது. "போ, இனிமே பிரச்சின இல்ல" என்று அனுப்பினார். அடுத்த புதன்கிழமை கருப்பாயி ஆஸ்பத்திரி வாசலில் செத்தாள்.

"கொழும்புக் காருக்கு மலைக்காத்துப் பத்தல" என்றார் இரண்டாம் முறை. கீழ்நாட்டிலிருந்து வரும் கார்களுக்கு அது உண்மைதான். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும், பெற்றோல் கூடிப்போய்க் கரும்புகை வரும். திருகாணியைக் கொஞ்சம் மூடிவிட்டால் சரியாகிவிடும். மூடிப் பார்த்தார். கொட்டகை வாசலிலேயே இஞ்சின் இருமியது, டீ தளும்பியது. மறுபடி திறந்தார். டீ நின்றது. மறுபடி நுவரெலியாவில் அணைந்தது.

மூன்றாம் முறையும் அணைந்த பிறகு செல்லசாமி அண்ணன் கொட்டகை வாசலில் நின்று கத்தியது எனக்குக் காதில் விழுந்தது. நான் எதிரே தபால் கந்தோருக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன்.

"ஒங்க டம்ளருக்கு முன்னால நல்ல புள்ளையா நிக்கிறா பாஸ்! ஊருக்குப் போயி என் மானத்த வாங்குறா. எனக்குப் போதும். கந்தப்பளையில ஒருத்தன் பிரிச்சு விக்கக் கேட்டிருக்கான். ஞாயித்துக்கெழம கொண்டுபோயி விட்டுர்றேன்."

 அக்காவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் போய்விட்டால், வலி எடுக்கிற நேரத்தில் துரையின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ரோட்டைத் தாண்டிப் போய், "அண்ணே, அதுக்கு முந்தி வர்ற புதன்கிழமை கடைசியா ஒருதடவ எங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கென்ன தங்கச்சி, வாறேன்" என்றார்.

பாஸுக்கு நான் கேட்டது காதில் விழவில்லை. என் வாயசைவைப் பார்த்திருக்க வேண்டும். "புதன்கெழம கடை பூட்டு. நானும் வாறேன்" என்றார்.

அந்தப் புதன்கிழமை முன்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை மறக்க முடியாது. மடியில் கைலேஞ்சித் துணியில் சுற்றிய டம்ளர். கக்கத்தில் இராமையா கடை டீ நிறைந்த போத்தல். கையில் ஒரு அட்டைத் துண்டும் தச்சன் பென்சிலும். நல்ல காதைச் செல்லசாமி அண்ணன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அரை மைலுக்கு ஒருதரம், "நிப்பாட்டு!" என்று கத்துவார். பின்சீட்டில் அக்கா ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப்போட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். கார் நிற்கும். இஞ்சின் அணையாது. அட்டையில் ஒரு கோடு போடுவார்.

"பாஸ், இப்பிடி நிப்பாட்டி நிப்பாட்டிப் போனா புள்ளயே வழியில பொறந்துரும்" என்றார் அண்ணன்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல, கோடு போடுங்க!"

கந்தப்பளை தாண்டும்போது அட்டையில் ஒன்பது கோடு. சாவு ஒன்றுகூட இல்லை. பாஸின் முகம் வாடிப்போயிருந்தது. நோய் கண்ணில் படாவிட்டால் வைத்தியருக்குக் கஷ்டம்தானே.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் காலை எடுத்தார். கருப்பாயி நாலு தரம் குலுங்கினாள், கரும்புகை விட்டாள், அணைந்தாள்.

"பாத்தீங்களா? நான் பொய்யா சொன்னேன்?"

பாஸ் இறங்கிப் புகைக்குழாயை மோந்து பார்த்தார். "பெற்றோல் கூடிப்போச்சு. ராகலையில பத்தாமக் கெடக்குது, இங்க வந்தாக் கூடிப்போவுது. ரெண்டு ஊரும் ஒரே ஒசரம், ஒரே காத்து. நடுவுல எவன் வந்து ஊத்துறான்?"

அக்காவை உள்ளே கூட்டிப்போய் வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் வாசலுக்கு ஓடிவந்தேன். அதற்குள் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்திருந்தார்கள். அண்ணன் உள்ளே உட்கார்ந்து அணையவிடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். பாஸ் பானட்டைத் திறந்தார். மட்கார்டில் டம்ளரை வைத்து, போத்தலிலிருந்து விளிம்புவரை ஊற்றினார். பிறகு கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய், அந்தப் பலகைச் சீவலை எடுத்து, டம்ளருக்கு அடியில் செருகியது.

டீ அவர் மணிக்கட்டில் வழிந்து முழங்கைவரை ஓடியது.

கையை உதறிவிட்டு, சீவலைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஊற்றினார். மறுபடி வழிந்தது. மூன்றாம் தரம் சீவலை உருவிவிட்டு ஊற்றினார். டீ விளிம்போடு விளிம்பாக, ஒரு சொட்டும் வழியாமல் நின்றது.

பாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த சீவலைப் பார்த்தார். பிறகு ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். அட்டையில் உள்ள ஒன்பது கோட்டையும் எண்ணிப் பார்த்தார்.

"செல்லசாமி, இந்த எடம் மட்டமா?"

"மட்டந்தான். குதிரப் பந்தயம் ஓட்டுற ஊராச்சே இது."

"நம்ம கொட்டகை வாசல்?"

"அது சறுக்குமரம்ல!"

"வழியில நீ நிப்பாட்டுன எடமெல்லாம்?"

அண்ணன் யோசித்தார். "எறக்கந்தான். எறக்கம் பாத்துத்தானே நிப்பாட்டுவேன்? எவனாச்சும் மட்டத்துல நிப்பாட்டுவானா?"

அப்போது பாஸ் சிரித்தார் பாருங்கள்! காது கேளாதவர்களின் சிரிப்புக்கு அளவு தெரியாது. ஆஸ்பத்திரி வாசல்காரர் ஓடிவந்து, வாயில் விரலை வைத்து, "சத்த கரண்ட எபா!" என்று சிங்களத்தில் அதட்டினார். சத்தம் போடாதே என்றது பாஸுக்கு எங்கே கேட்டது? வாசல்காரரின் தோளையே தட்டிக்கொடுத்தார்.

பிறகு செல்லசாமி அண்ணனுக்கு விளக்கியதை நான் அப்படியே எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் அவ்வளவு நன்றாகப் புரிந்ததில்லை.

"இங்க பாரு. காபரேட்டர்ல பெற்றோல் நிக்கிற சின்னக் கிண்ணம் ஒண்ணு இருக்கு. அதுவும் இந்த டம்ளர் மாதிரித்தான். கார் மூஞ்சி எறக்கம் பாத்து நின்னா, பெற்றோல் முன்பக்கம் சாஞ்சிரும். இஞ்சினுக்குப் போற ஓட்டை பின்பக்கம் இருக்கு, அதுக்கு எட்டாது. பத்தலையேன்னு நான் ஸ்குருவத் தெறந்துவிட்டேன். இவ மட்டத்துக்கு வந்து நின்னா எல்லாம் ஒரேயடியாப் போயி மூச்சு முட்டுது. டம்ளர் சாயுதுன்னு அண்டக் குடுத்தேன் பாரு, எட்டு வருசமா! டம்ளரச் சுமக்குற காரும் சாஞ்சுதான நிக்குது? அது இந்த மண்டைக்குத் தெரியல."

சொல்லிவிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார். சுரூபத்தைப் பல்லில் கவ்வினார். குனிந்து திருகாணியை முக்கால் சுற்று மூடினார். "காலை எடு" என்று கையால் காட்டினார். அண்ணன் காலை எடுக்கப் பயந்தார். "எடுடா!" எடுத்தார். கருப்பாயி ஒருமுறை குலுங்கினாள். பிறகு நிதானமாக ஓடத் தொடங்கினாள். டம்ளரில் ஓரத்து நடுக்கம் மட்டும்.

அக்கா வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை செல்லசாமி அண்ணன் இஞ்சினை அணைக்க விடவில்லை. பெற்றோல் வீணாகிறதே என்று பாஸ் சொன்னதற்கு, "இருக்கட்டும் பாஸ், இந்த வாசல்ல இவ உசுரோட நின்னு நான் பாத்ததே இல்ல" என்றார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாசல்காரருக்கும் ஒரு பாதி டீ கிடைத்தது.

திரும்பும்போது கந்தப்பளையில், பழைய கார் பிரிக்கிறவரின் கடை முன்னால் அண்ணன் நிறுத்தினார். இஞ்சினை ஓடவிட்டே உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் வந்தார்.

"என்னண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லல தங்கச்சி. வெளிய சத்தத்தக் கேட்டுட்டு அவனே சொன்னான், 'குடுக்க மாட்டியே'ன்னு."

லியனார்ட் பாஸைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதற்கடுத்த வாரம். தப்பைக் கண்டுபிடித்தவர், அதை யாருக்கும் தெரியாமல் திருத்திக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவரோ பஸ் கண்டக்டர்மாரிடமும் லொறிக்காரர்களிடமும் சொல்லி, தான் எப்போதோ ஸ்லோ பார்த்த கார்க்காரர்கள் அத்தனை பேருக்கும் ஆள் அனுப்பினார். "சரிவுல வச்சுப் பாத்தது என் தப்பு. ஒருக்காக் கொண்டாங்க, மறுபடி பாத்துத் தர்றேன்." ஒரு வாரத்தில் பதினொரு கார் வந்தன. ஒரு பெரிய கிளாக்கரின் கார், ஒரு கோயில் பாதரின் கார், மரக்கறிக் கடைக்காரர்களின் கார்கள். ஒவ்வொன்றையும் ஸ்டேஷன் முற்றத்துக்குத் தள்ளினார். ரயிலுக்காக வெட்டி நிரவிய இடம். ராகலையில் அதைவிட மட்டமான நிலம் கிடையாது.

இராமையாவுக்கு அது கொண்டாட்டமாகப் போய்விட்டது. "எட்டு வருசமா நான் டீக்கடைன்னு நெனச்சேன். ரசமட்டந்தான் வித்திருக்கேன்!" என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார். "பாஸ், இனிமே காருக்கும் ஒரு அண்டை சீவிருவோமா? எம்மாம்பெரிய பலக வேணும்?"

"ஒன் நாக்கு நீளம் இருந்தாப் போதும்" என்றார் பாஸ், காரைத் தள்ளிக்கொண்டே.

யாராவது அவருடைய வேலையைப் புகழ்ந்தால், கோட்டுப் பையிலிருந்து அந்தப் பலகைச் சீவலை எடுத்துக் காட்டுவார்.  காட்டிவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார்.

அக்காவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே வலி எடுத்தது. நடுப்பகல், ஆனால் மூடுபனி இறங்கி லயத்துக் கோடி தெரியவில்லை. அத்தான் மலையில் வேலையில் நின்றார். கீழ்ரோட்டுக்கு ஓடி, கடைவீதிக்குப் போகிற பையனிடம் காருக்குச் சொல்லியனுப்பிவிட்டு நான் திரும்பி வருவதற்குள் அக்காவால் நிற்கவே முடியவில்லை. எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு எழுபது கற்படி. கம்பளியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். பாதிப் படியில் வலி கூடி, இறக்கி வைக்கச் சொன்னாள். மறுபடி தூக்கினார்கள். மறுபடி இறக்கினார்கள்.

கார் வந்து நின்ற இடம் பெரட்டுக் களம். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற இடம். எங்கள் தோட்டத்தில் மட்டமான இடம் அது ஒன்றுதான். பனிக்குள் எங்களுக்குக் கார் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஒரே சீரான, மெல்லிய சத்தம். பதினைந்து நிமிஷமோ இருபது நிமிஷமோ நாங்கள் அந்தப் படியில் இறங்கினோம். முழு நேரமும் அந்தச் சத்தத்தை நோக்கித்தான் இறங்கினோம். "நின்னுருச்சா, நின்னுருச்சா" என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். "இல்லக்கா, ஓடுது. கேளு, ஓடுது" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கருப்பாயியைப் பழி சொன்ன மாமியார்தான் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் கருப்பாயி ஸ்லோவில் நிற்க, தள்ளுகட்டிலைக் கொண்டுவந்து அக்காவை இறக்கினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் பெண்குழந்தை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேர் உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். செல்லசாமி அண்ணன் வெளியே போய், கருப்பாயியின் பானட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் நான் கொட்டகைக்குப் போய் லியனார்ட் பாஸிடம் நன்றி சொன்னேன். இரண்டு தரம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "நான் செஞ்ச தப்ப நானே சரி பண்ணேன். அதுக்குப் போயி நன்றியா?" என்று ஸ்பேனரைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையிலேயே இருந்தது.

பத்தாம் நாள் அக்காவும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். கொட்டகை வாசலில் நிறுத்தச் சொல்லி அக்கா முன்கூட்டியே அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தாள். பாஸ் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தார். இராமையா போய்க் காலை இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"பாஸ், ஒங்க புள்ள வந்திருக்கு. பாத்துட்டு மறுபடி படுங்க!"

அக்கா கார்ச் சன்னலை இறக்கி, கம்பளிக்குள் சுற்றியிருந்த பிள்ளையின் முகத்தைத் திறந்து காட்டினாள். "நீங்க ஒருக்காத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணே."

பாஸ் தன் கைகளைப் பார்த்தார். கறுத்த கிரீஸ். இராமையாவின் பீப்பாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்தார். ராகலைத் தண்ணீர், கை விறைத்துப்போயிருக்கும். திரும்பி வருகிற வழியில் இராமையா அப்போதுதான் ஊற்றி வைத்த டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். விரல்களைத் திருப்பித் திருப்பி அதன் சூட்டில் காட்டினார். சூடு ஏறிய பிறகு டம்ளரை மட்கார்டின்மேல் வைத்துவிட்டு வந்து, சன்னலுக்குள் கையை விட்டார். இரண்டு விரலை மடக்கி, புறப்பக்கத்தைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார்.

கருப்பாயி ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தாள். கதவிலும் சீட்டிலும் அக்காவின் மடியிலும் அந்த மெல்லிய நடுக்கம் இருந்தது. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பும் அதற்குள் கலந்துபோயிருக்கும். பாஸின் புருவம் சுருங்கியது. கண்ணைத் திறக்காமலே இடது கையைத் தூக்கி, இஞ்சினை அணைக்கச் சொல்லிச் செல்லசாமி அண்ணனுக்குச் சைகை காட்டினார்.